கோடும் புள்ளியும் மார்க்கும்

ஸ்கோர் என்ற ஆங்கிலச் சொல்லின் முதற்பொருள் வெட்டு, அதாவது கத்தியால் போட்ட கீறல். ஆடுகளை எண்ணுகிறவர் இருபது ஆடு கடந்ததும் கோலில் ஒரு கீறல் போட்டுவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். அந்தப் பழக்கத்தால்தான் கீறலுக்கும் இருபது என்ற எண்ணுக்கும் ஒரே சொல் நிலைத்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இங்கிலாந்துக் கருவூலம் 1826 வரை மரக்கோல்களில் வெட்டுப் போட்டு வரவுசெலவு வைத்திருந்தது. பயனற்றுப்போன அந்தக் கோல்களை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் அடுப்பிலேயே போட்டு எரித்தார்கள். சூடு மிஞ்சித் தீப்பிடித்து நாடாளுமன்றமே எரிந்துபோனது. பழைய கணக்கைத் தீர்ப்பதில் இப்படியும் ஒரு வகை உண்டு.

கல்லில் வெட்டிய கணக்கு ஒன்று செஞ்சியில் இருக்கிறது. ஊருக்கு வடக்கே திருநாதர்குன்றின் பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக, வரிசைக்குப் பன்னிரண்டு பேராகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அதே குன்றில், சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைக் குறிக்கும் பழைய கல்வெட்டும் உண்டு. அந்த நாளெண்ணிக்கை இல்லாவிட்டால் அவரைப் பற்றி எஞ்சியிருப்பது பெயர் மட்டும்தான். ஐம்பத்தேழு என்று வெட்டியிருப்பதால் யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு நாளாக எண்ணியிருக்கிறார் என்பதும் தெரிகிறது.

தமிழில் இந்த வேலையைக் கோடும் புள்ளியும் பகிர்ந்துகொண்டன. பால்காரர் ஊற்றிய பாலுக்குக் கதவோரச் சுவரில் கரிக்கோடு கிழிப்பது தமிழ்நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலம் நடந்த கணக்கு. புள்ளிக்கு இன்னும் அகலமான வாழ்க்கை. மெய்யெழுத்தின் தலையிலும் கோலத்திலும் இருப்பது புள்ளி, பங்குச்சந்தை ஏறி இறங்குவதும் புள்ளியில்தான். செட்டிநாட்டு நகரத்தார் வழக்கில் திருமணமான ஒரு தம்பதி தங்கள் கோயில் கணக்கில் ஒரு 'புள்ளி'. துணையை இழந்தவர் 'அரைப்புள்ளி'. வசதியானவரைப் பெரும்புள்ளி என்று ஊர் சொல்வதும் இந்த எண்ணும் பழக்கத்தோடு ஒட்டியதாக இருக்கலாம். கபடியிலும் புள்ளிதான், ஆனால் பள்ளிக்கூடத்தில் அது மதிப்பெண்ணாகிறது, பேச்சில் மார்க் ஆகிறது. வங்கிக்குப் போனால் ஸ்கோர் என்றே சொல்கிறார்கள்.

இவை எல்லாம் ஒன்றல்ல. எண்ணுவது, அளப்பது, மதிப்பிடுவது என்ற மூன்று வேலைகள் இவற்றில் கலந்து கிடக்கின்றன. மூட்டைகளை எண்ணினால் யார் எண்ணினாலும் ஒரே விடை வரவேண்டும், எடை பார்ப்பதும் அப்படியே. மதிப்பிடுவதில் மட்டும், எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது, எதற்கு எவ்வளவு என்று முன்கூட்டி ஒருவர் முடிவுசெய்திருக்கிறார். அந்த முடிவு எண்ணுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. வெளியே தெரிவது எண் மட்டும்.

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகள் குவியும்போது மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். மூட்டை எண்ணப்படுகிறது, எடை போடப்படுகிறது. பிறகு வியாபாரி ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்து, அரிசியின் நிறத்தையும் நொறுங்கலையும் பார்த்து, தன் விலையைச் சீட்டில் எழுதுகிறார். மறைமுக ஏலம் என்பது இதுதான். கூடுதலான விலைக்குச் சரக்கு போகிறது. அந்தச் சீட்டில் உள்ள தொகை அவருடைய கண்ணும் கையும் போட்ட மார்க். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கைக்குப் பதில் கருவி பேசுகிறது: ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும். ஈரம் அளவு, 17 என்ற வரம்பு முடிவு. மழை பெய்த ஆண்டுகளில் அதைத் தளர்த்தக் கோரி விவசாயிகள் போராடுவதும், மத்திய அரசு தளர்த்துவதும் நெல்லின் ஈரத்தை மாற்றுவதில்லை, கோட்டைத்தான் நகர்த்துகின்றன.

மரக்காலால் நெல் அளந்த காலத்தில் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லமாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். அடுத்தது இரண்டு, மூன்று என்று போகும். கணக்கு மாறுவதில்லை, சொல் மட்டும் மங்கலமாகிறது. தாயக்கட்டையில் விதி இன்னும் துணிந்து எண்ணை மாற்றுகிறது. முகங்களில் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என இருக்கும் இரண்டு கட்டைகளையும் உருட்டி இரண்டும் வெறுமையாக விழுந்தால் அது பன்னிரண்டு. ஒன்று விழுந்தால் அது தாயம். காயை உள்ளே இறக்க அதுதான் வேண்டும். மிகச் சிறிய எண்ணுக்காக ஏங்குவதும், ஒன்றுமே இல்லாததற்குப் பன்னிரண்டு கொடுப்பதும் திண்ணையில் உட்கார்ந்த எல்லோருக்கும் இயல்பாகப் படுகிறது, ஏனென்றால் விதி எல்லோருக்கும் தெரியும். விதி தெரியாமல் எண்ணை மட்டும் பார்க்கும் இடங்களில்தான் குழப்பம்.

கபடி ஆடுகளத்தில் குழப்பம் குறைவு. பாடிப்போகிறவர் தொட்டுவிட்டுத் திரும்பினால் தொட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. எதிரணியில் ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் இன்னொன்று. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று ஆளைப் பிடித்துவிட்டால் கூடுதலாக ஒரு புள்ளி, முழு அணியையும் வெளியேற்றினால் கூடுதலாக இரண்டு. இந்தக் கூடுதல்கள் இயற்கையாக வந்தவை அல்ல. ஆட்டம் எப்படி ஆடப்படவேண்டும் என்று விரும்பியவர்கள் வைத்த தூண்டில்கள். போனஸ் கோடு இல்லாவிட்டால் பாடிப்போகிறவர் ஆழமாக உள்ளே போகாமலே திரும்பிவிடலாம். எதற்குப் புள்ளி உண்டோ அதை நோக்கி ஆட்டம் நகர்கிறது, பள்ளிக்கூடத்திலும் இதுவே நடக்கிறது. கிரிக்கெட்டில் ஸ்கோர் எழுதுகிறவரின் நோட்டு தனி அழகு: ஓட்டமில்லாத பந்துக்குப் புள்ளி, ஓர் ஓவரில் ஆறும் புள்ளியாகவே போனால் அவற்றைக் கோட்டால் இணைத்து ஆங்கில 'எம்' எழுத்தாக்கி மெய்டன் என்று குறிப்பார். அதில் விக்கெட்டும் விழுந்திருந்தால் எழுத்து தலைகீழாகி 'டபிள்யூ' ஆகிவிடும்.

தமிழ்நாட்டு வீடுகளில் மிக அதிகம் பேசப்படும் எண் பள்ளி மார்க். நூற்றுக்கு 35 வாங்கினால் தேர்ச்சி. 34 எடுத்தவருக்கும் 35 எடுத்தவருக்கும் அறிவில் என்ன வேறுபாடு என்று எந்த ஆசிரியராலும் சொல்லமுடியாது. ஆனால் ஒருவர் மேலே போகிறார், ஒருவர் துணைத்தேர்வுக்குப் பணம் கட்டுகிறார். பிளஸ் டூ மொத்தம் 2018 வரை 1200 ஆக இருந்து, 2019 முதல் 600 ஆனது. அதனால் 'ஆயிரத்துக்கு மேலே எடுத்தேன்' என்று பெருமைப்படும் அண்ணனுக்கும் 560 எடுத்த தம்பிக்கும் ஒப்பிட ஒரு வகுத்தல் தேவைப்படுகிறது. தம்பியின் 560 பழைய கணக்கில் 1120. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் நிறுத்தியது. செய்தித்தாள்களில் தோளுயர்த்திச் சிரிக்கும் படங்கள் குறைந்தன. தனியார் பள்ளிகளின் பிளெக்ஸ் பேனர்கள் மட்டும் அந்த அறிவிப்பைக் கேட்காததுபோல் இன்னும் நிற்கின்றன.

மார்க் எவ்வளவு தூரம் மனிதத் தீர்மானம் என்பதைக் காட்டியது 2021. கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை; ஆனால் கல்லூரிச் சேர்க்கைக்கு மார்க் வேண்டும். தமிழக அரசு ஒரு சூத்திரம் வகுத்தது: பத்தாம் வகுப்பில் அதிகம் எடுத்த மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30. இந்த 50, 20, 30 வேறு எண்களாகவும் இருந்திருக்கலாம். அப்போது பல மாணவர்களின் கல்லூரியும் வேறாகியிருக்கும். எழுதாத தேர்வின் மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தலைமுறை பட்டம் முடித்துவிட்டது.

பொறியியல் கட் ஆஃப் இதே கதையின் இன்னொரு பக்கம். நுழைவுத்தேர்வை நீக்கிய பிறகு பிளஸ் டூ மார்க்கே தரவரிசைக்கு அடிப்படை ஆனது. கணிதம் நூற்றுக்கு, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, மொத்தம் 200. கணிதத்தில் 90, மற்ற இரண்டிலும் நூற்றுக்கு நூறு எடுத்த ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம்: கட் ஆஃப் 190. கணிதத்தில் நூறு, மற்ற இரண்டிலும் 90 எடுத்தவருக்கும் அதே 190. முதலாமவர் மொத்தத்தில் பத்து மார்க் கூடுதல், இருந்தும் தரவரிசையில் பின்னால்தான் வருவார், ஏனென்றால் சமநிலை வந்தால் முதலில் பார்ப்பது கணித மார்க். தமிழ்ப் பாடத்தில் அவர் எடுத்தது எதுவும் இந்தக் கட் ஆஃப் கணக்கில் இல்லை. எல்லா மார்க்கும் ஒன்றாக இருந்தால் பிறந்த தேதி, அதுவும் ஒன்றானால் கணினி குலுக்கிப்போடும் பத்து இலக்க ரேண்டம் எண். துல்லியமாகத் தெரியும் வரிசையின் அடிமட்டத்தில் ஒரு குலுக்கல் இருக்கிறது. கிராம அஞ்சல் ஊழியர் தேர்விலோ பத்தாம் வகுப்பு மார்க்கை நான்கு தசம இடம்வரை கணக்கிடுகிறார்கள். விடைத்தாள் திருத்தியவரின் ஒரு தயக்கம், ஓர் அரை மார்க், அந்த நான்காவது தசமத்தை எப்போதோ தாண்டிவிட்டது என்பதை அந்தப் பட்டியல் காட்டாது.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதுகிறவர்கள் இன்னொரு விதமான மார்க்கைச் சந்திக்கிறார்கள். 200 கேள்விகள், கேள்விக்கு ஒன்றரை மார்க், மொத்தம் 300. முதல் நூறு கேள்வி தமிழ். அதில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மீதித் தாள் திருத்தப்படாது. தேர்ச்சிக்குக் குறைந்தது 90 வேண்டும். ஆனால் 90 எடுத்தவருக்கு வேலை கிடைப்பதில்லை. எத்தனை காலியிடம், எத்தனை பேர் எழுதினார்கள், எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவு என்பவைதான் உண்மையான கோட்டைப் போடுகின்றன. அதனால் தேர்வு முடிந்த நாளிலிருந்து பயிற்சி மையங்களிலும் டீக்கடைகளிலும் கேட்கும் கேள்வி 'எவ்வளவு வரும்?' என்பதைவிட 'இந்த வாட்டி கட் ஆஃப் எங்கே நிக்கும்?' என்பதே. தன் மார்க் தனக்குத் தெரியும், அடுத்தவர்களுடையது தெரியாது.

அடுத்தவர்களை வைத்தே மதிப்பிடுவதைப் பெர்சன்டைல் என்கிறார்கள். நூற்றுக்கு எத்தனை மார்க் என்பது பெர்சன்டேஜ். எழுதிய நூறு பேரில் எத்தனை பேருக்கு மேலே என்பது பெர்சன்டைல். எளிதான தாளில் 80 விழுக்காடு எடுத்தும் நடுவில் நிற்கலாம், கடினமான தாளில் 40 எடுத்து உச்சியிலும் நிற்கலாம். இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டவர்களுக்கு 2023 செப்டம்பர் அறிவிப்பு அதிர்ச்சியாக இருந்தது. அந்த ஆண்டு மருத்துவ முதுநிலை நீட் தேர்வுக்கான தகுதிப் பெர்சன்டைல் பூஜ்யமாக்கப்பட்டது. தவறான விடைக்கு மார்க் கழியும் தேர்வு என்பதால், தகுதி பெற்றவர்களின் அடிமட்டம் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 40 வரை போனது. இடங்கள் காலியாகக் கிடந்தன, நிரப்பவேண்டியிருந்தது. தகுதி என்ற சொல் மாறாமல் நிற்க, அதன் பின்னால் இருந்த எண் இறங்கிப்போனது.

மார்க்குக்கு அடுத்தபடி மக்களைத் தூங்கவிடாத எண், கடன் கேட்டால் வங்கி பார்க்கும் சிபில். ஊரில் ஒருவரை 'நாணயமானவர்' என்று சொன்னால் கொடுத்த சொல்லைக் காப்பவர், வாங்கியதைத் திருப்புகிறவர் என்று பொருள். நாணயம் என்றால் காசும்கூட. கைமாற்றுக் கொடுப்பவர் ஆளின் முகத்தையும் அவர் அப்பாவின் பெயரையும் பார்த்துத்தான் பணத்தை எண்ணினார். முகம் தெரியாத லட்சக்கணக்கானவர்களுக்கு வங்கி கடன் கொடுக்கும்போது அந்த நாணயத்தை ஓர் எண்ணாக்கவேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1956இல் பில் ஃபேர், எர்ல் ஐசக் இருவரும் தொடங்கிய நிறுவனம் இந்தத் தொழிலை வளர்த்தது. இந்தியாவில் சிபில் 2000இல் பிறந்தது. இப்போது அதோடு எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று மொத்தம் நான்கு நிறுவனங்கள். முதலில் வந்தது என்பதால் நான்குக்குமே சிபில் என்பதுதான் மக்கள் பெயர்.

சிபில் ஸ்கோர் 300இல் தொடங்கி 900இல் முடிகிறது. பூஜ்யம் கிடையாது. 450 என்பது 900இல் பாதி மார்க் என்று தோன்றும். உண்மையில் அது அடிமட்டத்துக்கு மிக அருகில். 750க்கு மேல் இருந்தால் வங்கிகள் சிரித்த முகத்தோடு பேசுகின்றன. வாங்கிய கடனின் தவணை தவறாமல் போனதா, கிரெடிட் கார்டு வரம்பில் எவ்வளவு பயன்படுத்தப்படுகிறது, கடன் வரலாறு எத்தனை ஆண்டு நீளம், குறுகிய காலத்தில் எத்தனை இடங்களில் கடன் கேட்கப்பட்டது போன்றவற்றிலிருந்து இது பிறக்கிறது. வருமானம் இதில் இல்லை, கையிலுள்ள நிலமும் இல்லை. கடனே வாங்காமல் வாழ்ந்த விவசாயிக்கு ஸ்கோரே இருக்காது. யாருக்கும் பாக்கியில்லாதவரைப் பற்றி வங்கிக்கு எதுவும் தெரியாது. தெரிந்தவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கு, அவர் கட்டாமல் விட்ட தவணை தன் கணக்கில் வந்து விழும். பேரம் பேசி ஒரு பகுதியைக் கட்டி முடித்த கடன் 'செட்டில்டு' என்று பதிவாகும். கடன்காரருக்கு அது முடிந்த கதை, அடுத்த வங்கிக்கு எச்சரிக்கை.

பயிர்க்கடனுக்கும் சிபில் பார்ப்பதா என்ற கேள்வி 2025இல் தமிழக விவசாயிகளிடையே கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. மாதம் தவறாமல் சம்பளம் வருகிறவரை மனதில் வைத்துச் செய்த அளவுகோலை, வெள்ளாமை வந்தால்தான் பணம் என்றிருப்பவர் மேல் வைப்பது பொருந்துமா என்பதே அந்த வாதத்தின் சாரம், அதில் நியாயம் உண்டு. இதற்கிடையே ஒருவர் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நிறுவனமும் முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தன் அறிக்கையைத் தானே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. அதில் தவறு இருந்து புகார் கொடுத்தால் 30 நாளில் தீர்க்கவேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தகவலைப் புதுப்பிக்கவேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் வந்ததால், கட்டி முடித்த கடன் பழையபடி மாதக்கணக்கில் பாக்கியாகக் காட்டிக்கொண்டிருக்கும் தொல்லை குறைந்திருக்கிறது.

பலரும் வாழ்க்கையில் வாங்கும் முதல் மார்க் பள்ளியில் கிடைப்பதல்ல, பிரசவ அறையில் கிடைப்பது. நியூயார்க்கில் மயக்க மருந்து நிபுணராக இருந்த வர்ஜீனியா ஆப்கார் 1952இல் வகுத்த முறை அது. குழந்தை பிறந்து ஒரு நிமிடத்திலும் ஐந்தாவது நிமிடத்திலும் ஐந்து விஷயங்களைப் பார்ப்பார்கள்: நிறம், இதயத்துடிப்பு, தூண்டினால் முகம் சுளிக்கிறதா, கைகால் விறைப்பு, மூச்சு. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று அல்லது இரண்டு, மொத்தம் பத்து. ஏழும் அதற்கு மேலும் நல்லது. விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கண், காது, ஸ்டெதஸ்கோப் போதும். குறைவான மார்க் வந்தால் உடனே கைகொடுக்கவேண்டும் என்பதற்காக மட்டும் போடப்படும் மார்க் இது. அந்தக் குழந்தை பிற்காலத்தில் என்ன ஆகும் என்பதை இது சொல்வதில்லை, சொல்லவேண்டும் என்று கருதப்படவும் இல்லை. இவ்வளவு அடக்கமான ஸ்கோர் அபூர்வம்.

சாலை விபத்தில் தலையில் அடிபட்டவரைக் கொண்டுவந்தால் மருத்துவர் போடுவது கிளாஸ்கோ கோமா அளவு. 1974இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் டீஸ்டேல், ஜென்னெட் வெளியிட்டது. கண் திறப்புக்கு நான்கு, பேச்சுக்கு ஐந்து, அசைவுக்கு ஆறு. முழுமையான நினைவுக்குப் பதினைந்து. மூன்றிலும் எந்த எதிர்வினையும் இல்லாதவருக்கும் ஒவ்வொன்று உண்டு என்பதால் கீழெல்லை மூன்று. '15க்கு 3 இருக்காம்' என்று கேட்டுக் கொஞ்சம் நம்பிக்கை வைக்கும் உறவினருக்கு, அந்த மூன்றுதான் கடைசிப்படி என்பதை யாராவது எடுத்துச் சொல்லவேண்டும். சிபிலின் 300 போல இங்கும் தளம் பூஜ்யத்தில் இல்லை.

ஸ்கோர் என்ற சொல் இசைக்குப் போனதும் கோட்டின் வழியாகத்தான். பல வாத்தியங்களுக்கான இசையை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, எல்லாவற்றையும் சேர்த்து மேலிருந்து கீழே கோடு கீறுவதால் அந்தத் தாள் ஸ்கோர் ஆனது. இளையராஜா இப்படி எழுதிய 'வேலியன்ட்' சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறியது. அந்தத் தாளில் வெற்றி தோல்வி கிடையாது, யார் எப்போது வாசிப்பது என்ற குறிப்பு மட்டும் உண்டு. திரைப்பட உலகில் 'பேக்ரவுண்ட் ஸ்கோர்' என்று சொல்வதும் இதிலிருந்து வந்தது. ரசிகர்கள் அதை பிஜிஎம் என்கிறார்கள்.

ஸ்கோர் போடாமலும் மதிப்பிடலாம் என்பதற்குச் செஞ்சிக் கோட்டையே சான்று. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த இந்தக் கோட்டை 1677இல் சிவாஜியிடம் வந்தது. பிறகு ராஜாராம் உள்ளே இருக்க, முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. 2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய யுனெஸ்கோ உலக மரபுக் குழு, மராத்தியர் இராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. இந்தியாவின் 44ஆவது உலக மரபுச் சின்னமாக இவை ஒன்றாகப் பதிவாயின.

அந்தத் தேர்வில் நூற்றுக்கு இத்தனை என்று எதுவும் இல்லை. பத்து அளவுகோல்கள் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன: ஆறு பண்பாட்டுக்கு, நான்கு இயற்கைக்கு. குறைந்தது ஒன்றையாவது நிறைவேற்றவேண்டும், கட்டடம் சிதையாமலும் பாதுகாக்கப்பட்டும் இருக்கவேண்டும். அளவுகோல்களைக் கூட்டுவதில்லை, சராசரி எடுப்பதில்லை. நிபுணர்கள் இடத்தை நேரில் பார்த்து எழுத்தால் அறிக்கை தருகிறார்கள். குழு கூடி வாதிட்டு, சேர்ப்பது, கூடுதல் விவரம் கேட்டுத் திருப்புவது, ஒத்திவைப்பது, மறுப்பது என்ற நான்கில் ஒன்றைச் சொல்கிறது. கோட்டையைப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்களோ கைபேசியில் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போடுகிறார்கள். குடிதண்ணீர் கிடைக்காதவர் இரண்டு, காலை ஏழு மணிக்கே ராஜகிரி ஏறி முடித்தவர் ஐந்து. அங்கும் மிகக் குறைந்தது ஒன்று. பூஜ்யம் கொடுக்க வழியில்லை.